செயலுக்கு வந்த தீர்மானம்

எங்கள் வட்டார ஆசிரியர் சங்கத்தில் தீர்மானங்களுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. மாதாமாதம் மூன்றாவது சனிக்கிழமை, சுற்றுப்பட்டுப் பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் கூடுவோம். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிக்கொடுத்துத் தயார் செய்த பாடம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பாராட்டுவோம். பிறகு அந்தப் பள்ளிக்காரர்கள் உப்புமாவும் காப்பியும் கொடுப்பார்கள். உப்புமா வயிற்றில் இறங்கியதும் தீர்மானம் ஆரம்பிக்கும். பள்ளித் தோட்டம் போட வேண்டும், பிரம்பை விட்டுவிட வேண்டும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார வேண்டும். எல்லாம் ஏகமனதாக நிறைவேறும். அடுத்த மாதம் வேறொரு பள்ளியில் வேறொரு உப்புமா.

நான் ரத்தினம்மா. சத்தியவேட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சேரிப் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை ஆசிரியை. நானும் சேரியில் பிறந்தவள்தான், புத்தூர்ப் பக்கம். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் ஒரே கூரைக்குக் கீழே. ஒன்றாம் வகுப்புக்கு அகரம் எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் நான்காம் வகுப்பு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பேசத் தொண்டை இருக்காது. அதனால் சங்கக் கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அந்த ஒரு சனிக்கிழமை உட்காருவதற்குக் கிடைத்த நாள்.

அந்த வருஷம்தான் திருப்பதியிலிருந்து வரதராஜன் வந்தார். ஆசிரியர்களுக்குத் தோன்றுகிற நல்ல யோசனைகளைச் செயலுக்குக் கொண்டுவர உதவுவது அவருடைய உத்தியோகம். அப்படி ஒரு உத்தியோகம் உண்டு என்று அதற்கு முன் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. நல்ல மனிதர். காலர் எப்போதும் வியர்வையில் நனைந்திருக்கும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஜில்லா முழுவதும் சுற்றுகிறவர். வந்த முதல் கூட்டத்திலேயே கரும்பலகையில் மூன்று வார்த்தை எழுதினார். என்ன, யார், எப்போது.

"தீர்மானம் போதும்" என்றார். "மேசை நிறையத் தீர்மானம் இருக்கு. அதுல ஒன்னே ஒன்னு எடுத்துக்குவோம். என்ன செய்யப்போறோம், யார் செய்யப்போறாங்க, எப்போ. இந்த மூணுக்கும் பதில் எழுதாம இன்னைக்கு யாரும் எழுந்து போகக்கூடாது."

காப்பி வேறு ஆறிக்கொண்டிருந்தது. சங்கச் செயலாளர் உமாபதி மெல்லத் தொண்டையைச் செருமினார். "சார், எல்லை முடியட்டும் சார். ஆந்திரா தனியாப் பிரிஞ்சதுலருந்து இங்க எதுவுமே நெலையா இல்ல. கமிஷன்காரர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. பாதி ஊரு மெட்ராஸ் பக்கம் போவும்ங்கறாங்க. இப்ப நாம ஒன்னு செஞ்சி வெச்சா, நாளைக்கு அவங்க வந்து கலைச்சிட மாட்டாங்களா?"

எல்லை முடியட்டும் என்பது அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து. கூரை ஒழுகினாலும் அதுதான், கிணறு தூர்ந்தாலும் அதுதான். சொன்ன உமாபதி மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. அந்த அலுப்பில்தான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

"எங்கிட்ட ஒன்னு இருக்கு சார்" என்றேன். "சென்னம்மான்னு ஒரு பொண்ணு. அஞ்சாவது பாஸ் பண்ணிட்டா. ஆறாவது சேரணும். சேக்கணும்."

சென்னம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் கிடையாது. ஆறாவதுக்கு ஊர்ப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், சேரியிலிருந்து ஒரு மைல். சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. சட்டம் இருக்கிறது, சொல்ல முடியாது. போன வருஷம் அவளுடைய அண்ணனை நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன். உள்ளே இடம் கொடுத்தார்கள், பெஞ்சும் கொடுத்தார்கள். தண்ணீர்தான் கொடுக்கவில்லை. வராந்தாவில் ஒரு மண்குடம் இருக்கும். மற்றப் பிள்ளைகள் தாங்களே மொண்டு குடிக்கும். இவன் கையேந்தி நிற்க வேண்டும், யாராவது வந்து தூக்கி ஊற்றுவார்கள். ஊற்ற ஆள் வராத நாளில் வீட்டுக்கு ஓடி வந்து குடித்துவிட்டுப் போவான். திரும்ப நேரமானால் அடி. தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டான். இப்போது மாடு மேய்க்கிறான்.

அவர்களுடைய அம்மா கங்கம்மா என்னிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள். "எம் பொண்ணு தானே மொண்டு குடிக்கிற மாதிரி இருந்தா அனுப்பறேன் டீச்சர். கையேந்திக்கினு நிக்கிறதுக்கு இன்னொரு புள்ளைய அனுப்ப மாட்டேன்." அதனால் பள்ளி திறந்து இரண்டு மாதமாகியும் சென்னம்மா என் பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. நான் ஒரு தடவை சொன்னால் அவள் பத்து பேருக்குச் சொல்லுவாள். இன்னும் ஒரு வருஷம் போனால் களை பிடுங்கப் போய்விடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் அவளைப் பள்ளிக்கூடம் பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் நாகபூஷணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். நான் பேசி முடித்ததும் அவரையே எல்லோரும் பார்த்தார்கள். "குடம் ஊர்க் குடம் டீச்சரம்மா. நான் ஒத்துக்கினா ஊரு ஒத்துக்காது. ஒத்துக்காததை ஒத்துக்கினேன்னு கை தூக்க எனக்குத் தெரியாது" என்றார். அந்த மனுஷன் மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வரதராஜன் விடவில்லை. முதலில் ஆசிரியர்கள் நாம் ஒரு வேளை சேரிப் பள்ளியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம், பிள்ளைகளும் பெற்றவர்களும் பார்க்கட்டும், பிறகு குடத்தைப் பேசுவோம் என்றார். கரும்பலகையில் எழுதினார். என்ன: சங்கக் கூட்டம், சாப்பாட்டோடு. யார்: ரத்தினம்மா பள்ளி. எப்போது: அடுத்த மாதம், மூன்றாவது சனிக்கிழமை. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் அறை முழுவதும் கைகள் எழுந்தன. நாகபூஷணம் மட்டும் தூக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் சேரிப் பள்ளியில் ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை, இடம் போதாது என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவார்கள். இன்று எப்படி இவ்வளவு சுலபமாகக் கை எழுந்தது என்று எனக்குக் கொஞ்சம் திகைப்பாகவே இருந்தது. சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

கங்கம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"என்னிக்கு டீச்சர்?"

"அடுத்த மாசம் மூணாவது சனிக்கெழம."

"அது பொரட்டாசி சனிக்கெழம ஆச்சே."

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டாரும் வெளியில் கை நனைக்க மாட்டார்கள். பெருமாளுக்கு விரதம். யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது, கோபித்துக்கொள்ள முடியாது. கை தூக்கின அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கிறது. எனக்கும் வரதராஜனுக்கும்தான் தோன்றவில்லை. அவர் திருப்பதி மலையடிவாரத்திலேயே குடியிருக்கிற மனிதர், எனக்காவது ஐந்து வகுப்பு என்று சாக்கு உண்டு. தேதியை மாற்றச் சொல்லி எழுதலாம் என்றேன். மாற்றினால் அன்றைக்கு வேறொன்று வரும் என்றும் எனக்குத் தெரியும்.

கங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எதுக்கு மாத்தணும்? அவங்களுக்கு மட்டுந்தான் பெருமாளா? நாங்க கூடத்தான் வெரதம் இருக்கறோம். அன்னிக்கி படையல இஸ்கோல்லயே போடறோம். மத்தியானம் தீபாராதன ஆனதும் வெரதம் வுட்டுத்தான் ஆவணும். பெருமாள் சோத்த வேணாம்னு எவன் சொல்றான் பாக்கலாம்."

அப்படித்தான் நடந்தது. அன்று காலையில் பிள்ளைகள் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, நாமமிட்ட சொம்பைத் தூக்கிக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று சேரியில் வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வந்தன. ஆளுக்கு ஒரு கை அரிசிதான். சில வீட்டில் அதுவும் கஷ்டம், இருந்தாலும் அன்றைக்குப் போடாமல் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல் கூட்டி அடுப்புப் போட்டார்கள். புளிச் சோறு, கடலைச் சுண்டல், உளுந்து வடை. பெண்கள் எல்லோரும் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் சமைத்தார்கள். சென்னம்மா பள்ளிக்கூடத்தை இரண்டு தடவை பெருக்கினாள். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னியிருந்தாள். தன்னைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அது தப்பும் இல்லை.

ஆசிரியர்கள் வந்தார்கள். சொல்லிவைத்தாற்போல ஒருவர்கூடத் தவறாமல் வந்தார்கள். உமாபதி வாசலிலேயே கைகூப்பினார். "டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னைக்கு சனிக்கெழம பாருங்க, நான் ஒன்னும் துன்றதில்ல." பின்னாலேயே வந்தவரும் அதையே சொன்னார். வரிசையாக ஒவ்வொருவரும் முகத்தில் வருத்தத்தோடு அதையே சொன்னார்கள். நான் ஆகட்டும் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கங்கம்மா பார்த்துக்கொள்வாள் என்றிருந்தேன்.

மாதிரிப் பாடம் நான்தான் நடத்தினேன். தயார் செய்யாத பாடம். பிள்ளைகள் தப்பும் தவறுமாகச் சொன்னார்கள், சென்னம்மா இரண்டு இடத்தில் திருத்தினாள். வரதராஜன் முன்னால் குனிந்து உட்கார்ந்து கேட்டார். உச்சிப் பொழுதில் கங்கம்மா படையலைக் கொண்டுவந்து வைத்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டினாள். கோவிந்தா என்று பிள்ளைகள் கத்திய கத்தலில் ஆசிரியர்களும் எழுந்து நின்று கோவிந்தா சொன்னார்கள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு கங்கம்மா சொன்னாள்.

"சாமிங்களா, வெரதம்னு சொன்னீங்க. நாங்களும் வெரதந்தான். இப்போ பெருமாளுக்குத் தளிகை ஆயிட்ச்சி. ஒக்காருங்க, எல போடறோம்."

உமாபதி வரதராஜனைப் பார்த்தார், வரதராஜன் தரையைப் பார்த்தார். பிறகு உமாபதிக்குத்தான் வழி தோன்றியது. அவர் ரொம்ப மரியாதையாக இரண்டு கைகளையும் நீட்டினார். "பிரசாதம் குடும்மா. வீட்ல பூஜை இருக்கு. அங்க போய் எல்லாருமா எடுத்துக்கறோம்." கங்கம்மா ஒரு இலைத் துண்டில் சோறு வைத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்து, துண்டில் முடிந்துகொண்டார். அவ்வளவுதான், அடுத்தவர் கை நீட்டினார். அதற்கடுத்தவரும் நீட்டினார். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர்கூட உட்காரவும் இல்லை.

வரதராஜனும் வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார், "நான் வெளியில... எங்க வீட்டு ஆசாரம், டீச்சர். ஆனா இது பெரிய ஆரம்பம். நிச்சயமா பெரிய ஆரம்பம்." அவர் கைப்பைக்குள் அந்தப் பொட்டலம் போனதைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு எரிந்தது. மற்றவர்களிடம் நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பொட்டலங்கள் எல்லாம் வீடு வரை போயினவா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வந்து என்ன செய்வது?

விரித்துப் போட்ட இலைகள் காற்றில் புரண்டுகொண்டிருந்தன. நாகபூஷணம் வந்து முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, உட்காரவே இரண்டு மூச்சு வாங்கினார்.

"போடும்மா" என்றார் கங்கம்மாவிடம். "நான் சனிக்கெழம வெரதம்லாம் இருக்கறதில்ல. காலையிலருந்து பசி."

புளிச் சோற்றை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். வடை நல்லா இருக்கு என்றார். பானையிலிருந்து சென்னம்மா மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்தார். வெளியே நின்றவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கங்கம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எழுந்து கை கழுவிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார், "திங்கக்கெழம பொண்ணக் கூட்டிக்கினு வாங்க."

திங்கட்கிழமை நானும் சென்னம்மாவும் போனோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஆறாவதில் இங்கிலீஷ் உண்டா, தெலுங்கு வாத்தியார் அடிப்பாரா, தான் எந்தப் பெஞ்சில் உட்காரலாம். எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஊர்ப் பள்ளி வராந்தாவில் ஏறியதும் பார்த்தேன். குடம் இருந்த இடத்தில் குடம் இல்லை. அதற்கு அடியில் வைத்திருந்த செங்கல் மட்டும் இருந்தது.

நாகபூஷணம் அறையிலிருந்து வந்தார். இரண்டு நாளில் முகம் வற்றிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊர்ப் பெரிய மனிதர்கள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். நீ தின்றாய், அது உன் வயிறு, எங்கள் பிள்ளைகள் குடிக்கிற குடத்தில் எவள் கை வைக்கிறாள் பார்க்கிறோம் என்றார்களாம். அவர் இல்லை என்று சொல்லவும் முடியாமல், ஆமாம் என்று சொல்லவும் முடியாமல், ராத்திரி முழுவதும் யோசித்திருக்கிறார்.

"ஏம் சேயமண்டாரு டீச்சரம்மா?" என்றார், என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாப்போல. "கொடத்தையே எடுத்துட்டேன். இனிமேல் யாருக்கும் கொடம் கெடையாது. அவங்கவங்க தண்ணிய அவங்கவங்க ஊட்டுலருந்து எடுத்துக்கினு வரட்டும். ஊருக்கும் பேச்சில்ல, ஒங்களுக்கும் பேச்சில்ல. பொண்ணு ரெண்டாவது பெஞ்சில ஒக்காரட்டும்."

அவர் சொன்னதை நான் முழுசாக வாங்கிக்கொள்ள நேரமானது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு பிள்ளை குடத்தைத் தொடக்கூடாது என்பதற்காக ஊர் முழுப் பிள்ளைகளும் தாகத்தோடு இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. ஆனாலும் சென்னம்மா அதற்குள் இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவளை எழுந்து வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கங்கம்மாவிடம் சொன்னபோது கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அப்போ யாருக்கும் யாரும் ஊத்தறதில்லையே?"

"இல்ல."

"அப்போ செரி. ஒரு சொம்பு எடுத்துக்கினு போவா. போதும் டீச்சர், நீங்க ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்கறீங்க?"

அடுத்த மாதக் கூட்டம் நாகலாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில். உப்புமா, காப்பி. வரதராஜன் என்னை எழுந்து பேசச் சொன்னார். ஒரு யோசனை எப்படிச் செயலாயிற்று என்று ஜில்லா முழுவதும் சொல்ல வேண்டிய உதாரணம் என்றார். எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. என்ன நடந்ததோ அதை அப்படியே சொன்னேன். இலை போட்டதையும் பொட்டலம் கட்டியதையும் சொன்னேன், ஊர்ப் பெரியவர்கள் வந்ததையும் சொன்னேன். குடத்தை எடுத்துவிட்டார்கள், பிள்ளைகளெல்லாம் மத்தியானம் வரை நாக்கு வறண்டு கிடக்கிறார்கள், சென்னம்மா ஆறாவது படிக்கிறாள் என்று முடித்தேன். வெட்கப்படுவார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

உமாபதிதான் முதலில் எழுந்தார். அவர் முகத்தில் இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. "அப்போ எங்க ஸ்கூல்லயும் கொடத்த எடுத்துட்டா போதுமா டீச்சர்? சேரிப் புள்ளைங்கள சேத்துக்கலாமா?" என்றார்.

அறை முழுவதும் சலசலத்தது. ஆமாம், இதற்குச் செலவில்லை. ஆமாம், ஊரில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். எல்லை இந்தப் பக்கம் ஆனாலும் அந்தப் பக்கம் ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நாகபூஷணம் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வரதராஜன் சாக்பீஸைக் கையில் எடுத்தார், ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே நின்றார், பிறகு எழுதினார். என்ன: எல்லாப் பள்ளிகளிலும் பொதுக் குடத்தை எடுத்துவிடுதல். யார்: எல்லோரும். எப்போது: திங்கட்கிழமை.

சுற்றுப்பட்டில் ஐந்தாவது முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற சேரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கள் சங்கத்தில் திங்கட்கிழமையே நடக்கப்போகிற தீர்மானம் இது ஒன்றுதான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வரதராஜன்.

நான்தான் முதலில் தூக்கினேன்.